பிழை செய்யும் உரிமை யாருக்கு?

(மாணவர் குறும்படக் குழு ஒன்றின் இரண்டு நாள் சோதனைப் படப்பிடிப்புக்குப் பின் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு நாள் வெயிலில் அலைந்திருக்கிறீர்கள். நேற்று இரவு கண்விழித்து ஃபைல்களைப் பிரதியெடுத்திருக்கிறீர்கள். இன்று காலை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, எடுத்த 43 ஷாட்டையும் ஒன்றுவிடாமல் பார்த்தோம். பார்த்து முடித்தபோது பாதிப் பேருக்கு முகம் வாடிவிட்டது. தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி வந்து, "அக்கா, ரெண்டு நாளும் வேஸ்ட்டு. ஒரு ஷாட்கூட படத்துல வைக்கிற மாதிரி இல்ல" என்று வருத்தப்பட்டார்.

தம்பி சொன்னது சரிதான். ஒரு ஷாட்கூடப் படத்தில் வைக்கிற மாதிரி இல்லை. வைப்பதற்காக அவை எடுக்கப்படவும் இல்லை. கேமரா என்ன செய்யும், மைக் எதைக் கேட்கும், இந்தக் குழு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இரண்டு நாள். அப்படிப் பார்த்தால் நிறையவே கிடைத்திருக்கிறது. சில விஷயங்கள் நீங்கள் தேடிப் போனவை. சில தேடாமல் வந்து மாட்டியவை. தேடாமல் வந்தவற்றைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன்.

நான் படம் எடுப்பவள் இல்லை. சினிமாவில் உடலுழைப்பு செய்கிறவர்களைப் பற்றி, லைட்மேன்கள், புரொடக்‌ஷன் உதவியாளர்கள், மேக்கப் உதவியாளர்கள் இவர்களைப் பற்றி ஆய்வு செய்கிற ஒரு மாணவி. ஒளியைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்சமும் லைட்மேன் அண்ணன்கள் சொல்லிக் கொடுத்தது. இரண்டு நாளும் ஓரமாக நின்று, யார் எதைச் செய்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டிலிருந்து இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். கற்றுக்கொள்வது என்றாலே பிழை செய்வதுதான். அந்தப் பிழையைச் செய்யும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? பிழைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

ஃபிலிம் காலத்தை நினைத்துப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமில் 400 அடிச் சுருள் ஏறத்தாழ நாலரை நிமிடம்தான் ஓடும். ஓடிய ஒவ்வொரு அடிக்கும் காசு. கழுவுவதற்குத் தனிக் காசு, பிரிண்ட் போடுவதற்குத் தனிக் காசு. ஒரு ரீடேக் என்றால் தயாரிப்பாளர் முகம் மாறும். அந்தக் காலத்தில் ஒருவர் கேமராவைத் தொட்டுப் பழக வேண்டும் என்றால் ஒன்று கையில் பணம் இருக்க வேண்டும், அல்லது பணம் இருப்பவர் நம்பிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் நம்பிக்கை யாருக்கு எளிதில் கடனாகக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் லைட் தூக்கியும் ஒருமுறைகூட வியூஃபைண்டருக்குள் பார்க்காதவர்களை என் ஆய்வுக்காகச் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு ஒளியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. தப்பாக ஒரு ஷாட் எடுத்துப் பார்க்கத்தான் யாரும் விடவில்லை.

இன்று மெமரி கார்டை அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். கருவி மலிவாகியிருக்கிறது, உண்மை. ஆனால் கருவியைச் சுற்றி இருக்கிற பழக்கங்கள் அப்படியே இருக்கின்றன. உங்கள் 43 ஷாட்டிலும் அவை பதிவாகியிருக்கின்றன.

உங்கள் கதை 12 நிமிடம். மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு தாய் அலைகிறார். அவ்வளவுதான் கதை. அந்தத் தாயாக நடிப்பவர் நடிகை இல்லை. அதே ஊரில், காலனியில் இருப்பவர். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்.

முதல் நாள் 11 மணி ஷாட்டை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு அடித்த சுவர். அதன் முன்னால் அந்த அம்மா நிற்கிறார். சுவரில் இருக்கும் மெல்லிய விரிசல்வரை தெளிவாகத் தெரிகிறது. அம்மாவின் கண் தெரியவில்லை. முகமே ஒரு நிழலாக இருக்கிறது. மானிட்டரைப் பார்த்த ஒருவர், "அவங்க கலர் கம்மி, அதான் முகம் எழல. கொஞ்சம் மேக்கப் போட்டா சரியாயிடும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. இந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் கல்யாண ஆல்பத்தில் தொடங்கி டிவி சீரியல்வரை கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

அங்கே உண்மையில் நடந்தது என்ன? கேமரா ஆட்டோவில் இருந்தது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு மனிதரையும் தெரியாது, சுவரையும் தெரியாது. தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச்சாம்பல் நிறம்தான் அதன் அளவுகோல். எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேமில் முக்கால்வாசி வெள்ளைச் சுவர் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். சுவர் அழகாக வரும். முகம் காணாமல் போகும். அம்மாவின் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. சுவரை அளந்துவிட்டு முகத்தைக் குறை சொல்லியிருக்கிறோம்.

அன்று மாலையே உங்களில் ஒரு தங்கை இதைச் சரி செய்து காட்டினார். அம்மாவைச் சுவரிலிருந்து விலக்கி வேப்ப மர நிழலில் நிறுத்தினார். பக்கவாட்டில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டினார். ஆட்டோவை அணைத்துவிட்டு, முகத்தை மட்டும் அளந்து, அதிலிருந்து அரை ஸ்டாப் அரை ஸ்டாப்பாகக் கூட்டிக் குறைத்து ஐந்து முறை எடுத்தார். அந்த ஐந்தில் மூன்றாவது ஷாட்டில் கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் ஒளி வழுக்கி நிற்கிறது. கறுத்த தோலுக்கு வெளிச்சத்தை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. பெரிய, மென்மையான ஒளியைப் பக்கத்திலிருந்து கொடுத்தால் தோலின் மினுமினுப்பே முகத்தை வரைந்துவிடும். ஐந்து ஷாட்டில் நான்கு தப்பு. அந்த நான்கு தப்பையும் செய்ய நேரம் இருந்ததால்தான் மூன்றாவது கிடைத்தது.

"கலர் கம்மி" என்ற பேச்சுக்கு உலகம் முழுக்க ஒரு தொழில்நுட்ப வரலாறு இருக்கிறது. கொடாக் நிறுவனம் வண்ணப்படம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அதற்கு 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் நிறம் சரி. மற்றவர்கள் தோல் எப்படி வந்தாலும் அது அவரவர் பாடு. இதைப் பற்றி விரிவாக ஆய்வு செய்தவர் கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத். கொடாக் ஃபிலிம் பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்ட வேண்டும் என்ற மாற்றத்துக்குச் சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் சொன்ன புகார் முக்கியக் காரணம் என்று அவர் காட்டுகிறார். சாக்லேட்டில் வகை தெரியவில்லை, ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்ற புகார். மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் அலமாரிக்குக் கிடைத்தது.

இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள். கரோலின் ஹண்டர். போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கறுப்பினப் பெண் வேதியியலாளர். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பின மக்கள் மீது திணித்த பாஸ் புத்தகத்துக்கான படங்களை எடுக்க, தான் வேலை செய்யும் கம்பெனியின் கருவி பயன்படுகிறது என்று 1970இல் அவரும் கென் வில்லியம்ஸும் கண்டுபிடித்தார்கள். தொழிலாளர்களைத் திரட்டிப் போராடினார்கள். ஹண்டர் வேலையை இழந்தார். 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. கருவிக்குள் ஒரு முடிவு ஒளிந்திருந்தால் அதைக் கேள்வி கேட்கிற முதல் ஆள் அந்தக் கருவியோடு வேலை செய்கிறவராகவும் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறவெறியும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கறுப்பு எல்லாச் சாதியிலும் இருக்கிறது. ஆனால் கறுப்பைப் பார்த்தவுடன் இவர் எந்தத் தெரு, என்ன வேலை என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதே, அந்தக் கணக்கு சாதியுடையது. ஃபிலிம் காலத்திலேயே இதை மீற முடிந்தது. பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். மாநிறத்தை மறைக்காமல், ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்த முகம் அது. இந்த முகத்தை இப்படியே காட்ட வேண்டும் என்று ஒருவர் முதலில் முடிவு செய்தார். ஒளி அதற்குப் பின்னால் வந்தது.

அடுத்து ஒலி. "சர்ட்டிபிகேட்டு வந்துச்சான்னு கேக்க வந்தேன் சார்." இது அந்த அம்மா முதல் டேக்கில் தானாகச் சொன்னது. உடனே ஒருவர் ஸ்கிரிப்டைப் பார்த்து, "அம்மா, சான்றிதழ்னு தெளிவா சொல்லுங்க" என்றார். அடுத்த ஆறு டேக்கிலும் அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பேசுகிறார். கையைக் கட்டிக்கொண்டார், கவனித்தீர்களா? ஒரு சொல்லை மாற்றியதில் அவர் உடம்பே மாறிவிட்டது.

தமிழ் சினிமா நீண்ட காலமாக டப்பிங்கை நம்பி வளர்ந்தது. அதில் ஒரு வசதி இருக்கிறது. ஒருவர் முகத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவர் குரலை ஒட்டிவிடலாம். கிராமத்து உழைப்பாளியின் முகம் வேண்டும், அவர் பேச்சு மட்டும் வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. நீங்கள் நேரடி ஒலிப்பதிவு செய்வதென்று எடுத்த முடிவு நல்ல முடிவு. அப்படியானால் அவருடைய பேச்சை நம்பித்தான் ஆக வேண்டும். முதல் டேக்கில் பின்னால் அரவை மில் சத்தம் இருக்கிறது. அதற்குத் தீர்வு மில் நிற்கிற நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, லேப்பல் மைக்கைச் சேலை மடிப்பில் சரியாக வைப்பது, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் ரூம் டோன் எடுத்து வைப்பது. மூன்றுமே கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள். சத்தத்தைச் சரி செய்ய மூன்று வழி இருக்கும்போது பேசுகிறவரை எதற்குத் திருத்த வேண்டும்?

இப்போது லாக் ஷீட்டுக்கு வருகிறேன். 43 ஷாட்டுக்கும் எண், டேக், லென்ஸ், நேரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி என்று பெயர்களும் இருக்கின்றன. தெர்மகோல் பிடித்தவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. என் நோட்டில் இருக்கிறது. இரண்டு பெண் தோழர்கள், முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி. மூவரும் மாறி மாறி இரண்டு நாளும் பிடித்திருக்கிறார்கள். தம்பி ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிப்பவர். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர். கேமராவை அவர் ஒருமுறை தொட்டார், பெட்டிக்குள் வைப்பதற்காக.

43 ஷாட்டில் 38 ஷாட்டை ஒரே ஒருவர்தான் எடுத்திருக்கிறார். ஏனென்றால் கேமரா அவருடையது. அவர் நல்ல தோழர், யாருக்கும் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேமரா யார் வீட்டுக் காசோ அவரே ஒளிப்பதிவாளர் என்பது, நிலம் யாருடையதோ அவரே விவசாயி என்பதைப் போன்றது. பிழை செய்யும் வாய்ப்பு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒருவர் 38 முறை தப்புச் செய்து பார்த்தார். ஒருவருக்கு ஒரு தப்புக்கூடக் கிடைக்கவில்லை.

தெர்மகோல் பிடிப்பதும் பெரிய வேலைதான். உச்சி வெயிலில் அதை நேராக முகத்துக்குத் திருப்பினால் நடிப்பவருக்குக் கண் கூசும். மூன்றாவது ஷாட்டில் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது. உருக்கமாக இருக்கிறது என்று இன்று காலை ஒருவர் சொன்னார். அது வெயில். அட்டையைச் சற்று உயர்த்திச் சாய்த்துப் பிடித்தால் கண் கூசாது என்று அந்தத் தம்பி மதியத்துக்குள் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கண்டுபிடிப்பும் லாக் ஷீட்டில் இல்லை.

பெயர் எழுதுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மலையாளத்தின் முதல் திரைப்படம் 'விகதகுமாரன்'. அதில் நாயகியாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண். நாயர் பெண்ணாகத் திரையில் வந்தார் என்பதற்காகவே ஆதிக்கச் சாதியினர் திருவனந்தபுரத்தில் கலவரம் செய்தார்கள். அவர் ஊரை விட்டு ஓடி, தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, தான் நடிகை என்பதையே சொல்லாமல் வாழ்ந்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துச் சிலர் தேடியலைந்துதான் அவர் பெயரை மீட்க வேண்டியிருந்தது. இன்று சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. இவ்வளவு தேடவேண்டியிருந்த ஒரு பெயரை நினைத்துக்கொண்டு உங்கள் லாக் ஷீட்டின் வெற்றுக் கட்டங்களைப் பாருங்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகக் கடினமானது. இரண்டாம் நாள் காலை ஊர்த்தெருவில் ஒரு ஷாட். அம்மா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகிறார். அதற்காக முதல் நாளே இரண்டு பேர் போய், ஊராட்சித் தலைவரைப் பார்த்தீர்கள். கடைக்காரரைப் பார்த்தீர்கள். "ஐயா, ஒரு மணி நேரம் கேமரா வச்சுக்கலாங்களா" என்று கேட்டீர்கள். நல்ல பழக்கம். மதியம் காலனித் தெரு. டிரைபாடை ஒரு வீட்டு வாசலில் விரித்தீர்கள். அங்கே ஒரு பாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரே முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அந்த ஷாட்டின் முதல் மூன்று விநாடியில் அது பதிவாகியிருக்கிறது.

இன்று காலை திரையில் அது ஓடியபோது, அதே போன்ற தெருவில் பிறந்த ஒரு தோழர், "அண்ணா, அத மறுபடி போடுங்க" என்றார். மறுபடி போட்டோம். இன்னொரு முறையும் போட்டோம். யாரும் பேசவில்லை.

சாதிச் சான்றிதழைப் பற்றிய படம் எடுக்கப் போன குழு, எந்தத் தெருவில் அனுமதி கேட்க வேண்டும், எந்தத் தெருவில் கேட்க வேண்டியதில்லை என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்து வைத்திருந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தத் தெருவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும், வாசல்வரை கேட்காமல் போகலாம் என்று நம் காலுக்குத் தெரிந்திருக்கிறதே, அதை எந்த ஆவணத்தில் திருத்துவது? அசல் படப்பிடிப்பாக இருந்திருந்தால் அந்த மூன்று விநாடியை எடிட்டிங்கில் வெட்டியிருப்பீர்கள். எப்போதும் அதை வெட்டித்தான் ஷாட் தொடங்கும். சோதனை என்பதால் முழுவதையும் பார்த்தோம், அதனால் மாட்டிக்கொண்டது.

கடைசியாகக் கூலி. அந்த அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. "இது டெஸ்ட் ஷூட்தான், அசல் ஷூட் அப்ப தந்துடலாம்" என்று பேசிக்கொண்டீர்கள். அவரும் "பரவால்ல கண்ணு" என்றார். சோதனை உங்களுக்கு. அவருக்கு அது இரண்டு வேலை நாள். சுவரின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றது உங்களுக்கு மீட்டர் தெரியாததால். ஏழு டேக் பேசியது உங்களுக்கு வசனம் எழுதத் தெரியாததால். கற்றுக்கொண்டது நீங்கள். அதற்கான கட்டணத்தை அவர் கட்டியிருக்கிறார்.

தோழர்களே, இதையெல்லாம் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தச் சொல்லவில்லை. சோதனைப் படப்பிடிப்பே நடத்தாத குழுக்களுக்கு இவை எதுவும் தெரியவே வராது.

இதற்கு முன்னும் மாணவர்கள் இந்த வழியில் கற்றிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 1960களின் இறுதியிலிருந்து, கறுப்பின மாணவர்கள் ஒரு அலையாகத் திரைப்படத் துறைக்குள் வந்தார்கள். பின்னாளில் 'எல்.ஏ. ரெபெல்லியன்' என்று அழைக்கப்பட்டவர்கள். அங்கே சேர்ந்தவுடன் ஒவ்வொருவரும் ஒரு படம் எடுத்தாக வேண்டும். 'ப்ராஜெக்ட் ஒன்' என்று பெயர். எழுதுவது, எடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவரே. நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எடுக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். அதன் பிறகு ஒருவர் படத்தில் இன்னொருவர் வேலை செய்தார்கள். சார்ல்ஸ் பர்னெட் தன் படத்துக்கு இயக்குநர். நண்பர் ஹைலே கெரிமாவின் 'புஷ் மாமா' படத்துக்குக் கேமரா பிடித்தவர்களில் ஒருவர். அந்தப் படத்தின் தொடக்கத்தில், கேமராவோடு தெருவில் நின்ற கறுப்பின இளைஞர்களான படக்குழுவையே போலீஸ் நிறுத்திச் சோதனையிடுவது இருக்கிறது. நடிப்பு இல்லை, நிஜமாக நடந்தது. அதை வெட்டி எறியாமல் படத்துக்குள் வைத்தார்கள்.

பர்னெட் தன் முதுகலைப் படிப்புக்கான படமாக 'கில்லர் ஆஃப் ஷீப்' எடுத்தார். தான் வளர்ந்த வாட்ஸ் பகுதியில், வார இறுதி நாட்களில், அக்கம்பக்கத்து மனிதர்களை வைத்து, 10,000 டாலருக்கும் குறைந்த செலவில். 1977இல் முடித்தார். ஆடு வெட்டும் கூடத்தில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் நாட்கள்தான் கதை. 1990இல் அது அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இந்தியாவுக்கு வந்தால், நாகராஜ் மஞ்சுளே அகமதுநகரில் தகவல் தொடர்பியல் மாணவராக இருந்தபோது எடுத்த குறும்படம் 'பிஸ்துல்யா'. பள்ளிக்குப் போக ஆசைப்படும் ஒரு சிறுவனைப் பற்றியது. அதற்குத் தேசிய விருது கிடைத்தது. 2013இல் அவரே 'ஃபன்றி'யோடு வந்தார். இவர்கள் திறமைசாலிகள் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். தப்பு எடுத்தாலும் வெளியே தள்ளாத ஒரு இடம் மாணவப் பருவத்தில் அவர்களுக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அந்த இடம் எல்லோருக்கும் இல்லை. திரையுலகில் வாரிசு ஒருவருக்கு நாலு படம் தோற்றாலும் ஐந்தாவது படத்துக்குப் பூஜை போடுவார்கள். பின்புலம் இல்லாமல் வந்தவரின் முதல் படம் சறுக்கினால், அவர் மட்டும் தோற்பதில்லை, "இவங்களுக்கெல்லாம் எதுக்கு சினிமா" என்று ஒரு கூட்டமே தோற்றதாக எழுதுவார்கள். ஆய்வுலகமும் அப்படித்தான். ஒரு கருத்தரங்கில் இரண்டு மாணவர்கள் அடுத்தடுத்துத் தடுமாறியதைப் பார்த்தேன். ஒருவரைப் பற்றி, "பயம், போகப் போகப் பழகிடும்" என்றார்கள். இன்னொருவரைப் பற்றி, "இப்படி வந்தா இப்படித்தான்" என்றார்கள். எப்படி வந்தால் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது. ஒரே தடுமாற்றம், ஒருவருக்கு வயதின் குறை, இன்னொருவருக்குப் பிறப்பின் குறை.

பிழைக்கு இப்படி இரண்டு கணக்கு இருக்கும்வரை, வாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது பாதிப் பேச்சு. தப்புச் செய்துவிட்டு மறுநாளும் அதே கேமராவைக் கையில் எடுக்க முடிவதுதான் வாய்ப்பு. அதை இந்தச் சமூகம் தரும்வரை காத்திருக்காமல் ஒரு சின்னக் குழு தனக்குள் உருவாக்கிக்கொள்ளலாம். அதற்கான இடமாகச் சோதனைப் படப்பிடிப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அடுத்த ஞாயிறு இன்னொரு சோதனை நாள் வைத்திருக்கிறீர்கள். சில யோசனைகள் சொல்கிறேன், நீங்கள் பேசி முடிவெடுங்கள். அன்று இதுவரை கேமரா பிடிக்காதவர்கள் மட்டும் பிடிக்கட்டும். 38 ஷாட் எடுத்த தோழர் அவர்களுக்கு ஃபோகஸ் பார்க்கட்டும், ஒரு மணி நேரம் தெர்மகோலும் பிடிக்கட்டும். எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று முதலாம் ஆண்டுத் தம்பி அவருக்குச் சொல்லித் தருவார். லென்ஸ் உடைந்தால் செலவை உடைத்தவர் தலையில் கட்டாமல் குழு ஏற்கும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்தப் பயம் இருக்கும்வரை இல்லாத வீட்டுப் பிள்ளை கேமராவைத் தொடமாட்டார். லாக் ஷீட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள், அங்கே நிற்கிற எல்லோர் பெயரும் வரட்டும். முகத்தை அளந்து எடுங்கள். அம்மா பேசுகிறபடி பேசட்டும், வசனத்தை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி கேளுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் திரும்பி வாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்று சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது. அந்த அம்மாவின் இரண்டு நாள் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு வர அவருக்குச் சௌகரியப்படுமா என்று கேளுங்கள். அப்படியே நாலு வீடு தள்ளி அந்தப் பாட்டியின் வாசலுக்கும் போங்கள். லேப்டாப்பில் அந்த மூன்று விநாடியை அவருக்குக் காட்டுங்கள். இது இருக்கட்டுமா, அழித்துவிடவா என்று அவரிடமே கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதை லாக் ஷீட்டில் எழுதி, அதன்படி செய்யுங்கள்.